பிடித்தவள் குறை சொல்ல வேண்டும்

கைப்பையின் ஜிப் போன வாரம் பிய்ந்துவிட்டது. தைக்கக் கொடுக்கலாம் என்று உள்ளே இருந்ததையெல்லாம் கட்டிலில் கொட்டினேன். பாதி தீர்ந்த மாத்திரை அட்டை, மூடி இல்லாத பேனா, கசங்கிய பஸ் டிக்கெட்டுகள், யாருடையதென்றே தெரியாத ஒற்றைக் கம்மல். எல்லாவற்றுக்கும் அடியில், உள் அறையில், ஒரு கறுப்புக் கண்ணாடி கிடந்தது. தியேட்டரில் உள்ளே போகும்போது கொடுத்து, வெளியே வரும்போது வாசலில் பெட்டி வைத்துத் திருப்பி வாங்குவார்களே, அந்த த்ரீடி கண்ணாடி. என்னுடையதை அன்றைக்கு நான் பெட்டியில் போட்டது நன்றாக நினைவிருக்கிறது. அப்படியானால் இது உன்னுடையது. இடைவேளையில் நீ என் மடியில் போட்டது.

இரண்டு வருடமாக இதைத் தெரியாமலே தோளில் மாட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன். வேலைக்கு, கல்யாண வீட்டுக்கு, மீன் வாங்க, உன் வருடத் திதிக்குக்கூட. கட்டிலில் உட்கார்ந்து அதைப் போட்டுப் பார்த்தேன். எங்கள் வீட்டுச் சுவர் கொஞ்சம் இருட்டாகத் தெரிந்தது, அவ்வளவுதான். கழற்றி வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். வேலையில் பக்கத்து அறையில் இருப்பவளுக்கு யாராவது கடிதம் எழுதுவார்களா? சுவரைத் தட்டினால் போதும். இப்போது தட்டினால் உன் இடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பெண் பயந்துபோய் ஓடி வருகிறாள்.

நீ எக்ஸ்ரே, நான் ஈசிஜி. அந்த ஸ்கேன் சென்டரில் பதினோரு வருடம் நமக்கு நடுவில் இருந்தது ஒரு சுவர். "மூச்ச நல்லா இழுங்க, அப்பிடியே புடிங்க, புடிங்க, ம்... விடுங்க" என்று நீ அந்தப் பக்கம் சொன்னால், இந்தப் பக்கம் என் கட்டிலில் படுத்திருப்பவர்களும் மூச்சைப் பிடித்துவிடுவார்கள். எனக்கு இங்கே கோடு ஆடும். எத்தனை தடவை வந்து சண்டை போட்டிருப்பேன்! "ஒன் ஆளுகளுக்கும் சேத்து நாந்தான்டி மூச்சு விடச் சொல்லிக் குடுக்க வேண்டியிருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவாய்.

முதல் படத்துக்கு நீதான் என்னை இழுத்துக்கொண்டு போனாய். ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சி. கடலுக்குள்ளிருந்து மலை போல ஒன்று எழுந்து வந்து ஊரை உடைத்தது. எனக்கு வீட்டில் ஒரு பல்லி வந்தாலே கட்டிலில் ஏறி நிற்கிற சுபாவம். வெளியே வந்ததும், இது சின்னப் பிள்ளைகள் பார்க்கிற படம், நாற்பதை நெருங்குகிற பொம்பளை இதற்கா வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தாய் என்று கேட்டுவிட்டேன். தியேட்டர் வாசலிலேயே சண்டை. பத்து நாள் நீ என்னோடு பேசவில்லை. என் மேசையில் சீட்டை வைத்துவிட்டு, காற்றைப் பார்த்து நடப்பது போல நடந்து போவாய். ஒரு பல்லிக்காக இப்படியா என்று எனக்கு ஆத்திரமும் சிரிப்புமாக வந்தது.

பதினோராவது நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து எதிரே உட்கார்ந்தாய். சமாதானம் பேச வந்தவள் போல இல்லை, சட்டம் போட வந்தவள் போல.

"இனிமே படத்தப் பத்திப் பேசணும்னா இப்பிடித்தான். யாருக்குப் படம் பிடிச்சிருக்கோ, அவ கொறைதான் சொல்லணும். யாருக்குப் பிடிக்கலையோ, அவ நெறைதான் சொல்லணும். பிடிச்சுச்சா பிடிக்கலையான்னு நேரடியாக் கேக்கவே கூடாது. சரியா?"

"இது என்னடி கூத்து?"

"அப்பத்தான் சண்டை வராது. பிடிச்சவ கொறை சொன்னா வலிக்காமச் சொல்லுவா. பிடிக்காதவ நெறை தேடுறதுக்காகவாச்சும் ஒழுங்காப் படம் பாப்பா."

கிறுக்குத்தனம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அது நடந்தது. மாதத்துக்கு ஒன்று, இரண்டு மாதத்துக்கு ஒன்று என்று எந்த ஊர்க்காரன் எடுத்த ராட்சத மிருகப் படம் வந்தாலும் போனோம். நாம் அதற்கு வைத்த பெயர் பெருசு. "அடுத்த வாரம் ஒரு பெருசு வருதாம்டி" என்று நீ சொன்னால், பக்கத்தில் இருப்பவர்கள் உன் மாமனார்தான் ஊரிலிருந்து வருகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். என் வீட்டில் "பல்லிப் படம் பாக்கப் போறா" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். படம் விட்டதும் பக்கத்துத் தெரு டீக்கடையில் ஆளுக்கொரு பால்பன்னை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், நம் கோர்ட்டு கூடிவிடும்.

பேச்சு முழுவதும் நம் தொழில் வழியாகத்தான் வரும். "இம்புட்டு ஒடம்பத் தாங்குறதுக்கு அந்தத் தொடை எலும்பு பத்துமாடி? முட்டி மூட்டு நொறுங்கிப் போயிருக்கும். ஒரு படம் எடுத்துப் பாத்தா தேய்மானம் அப்பிடியே தெரியும்" என்பாய். அதற்கு ஈசிஜி எடுத்தால் கோடு எப்படி வரும் என்று நான் யோசிப்பேன். யானைக்கே இதயம் மெதுவாகத்தான் அடிக்கும். அப்படியென்றால் இதற்கு ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் நாம் ஒரு டீ குடித்துவிடலாம். அதனால்தான் பெருசு மெதுவாக நடக்க வேண்டும் என்பதில் நாம் இரண்டு பேரும் ஒரே கட்சி. காலை வைத்தால் பூமி அமுங்க வேண்டும், தூசி எழுந்து அடங்க வேண்டும், அப்புறம்தான் அடுத்த கால். இப்போது வருகிற படங்களில் அது குரங்கு போலத் தாவுகிறது. "ஓடுச்சுன்னா அது பூனைடி, பெருசு இல்ல" என்று நீ சொன்னது சரிதான்.

மழையிலும் இருட்டிலும் சண்டையை வைத்து ஒப்பேற்றுவது உனக்கு ஆகாது. "எக்ஸ்ரே இப்பிடிக் கறுப்பா விழுந்தா டாக்டர் விடுவாரா? திரும்ப எடுன்னு சொல்ல மாட்டாரு?" எனக்கு ஆகாதது நடுவில் வருகிற குடும்பப் பஞ்சாயத்து. பெருசைப் பார்க்க வந்தால், பிரிந்துபோன புருஷனும் பெண்டாட்டியும் முக்கால் மணி நேரம் பேசுவார்கள். அப்புறம் ஒரு விஞ்ஞானி, அவர் பாட்டுக்கு வகுப்பெடுப்பார். அந்தப் படங்கள் எனக்குப் பிடிக்காததால் சட்டப்படி நான் நிறையைத் தேட வேண்டியிருந்தது. தேடியதில்தான் ஒன்று புரிந்தது. கீழே நின்று அண்ணாந்து பார்க்க ஒரு மனுஷமுகம் இல்லையென்றால் பெருசுக்கு உயரமே இல்லை. அதை நான் சொன்னபோது நீ பால்பன்னைக் கீழே வைத்துவிட்டு, "ஒனக்குள்ளயும் சரக்கு இருக்குடி பானு" என்றாய்.

பழைய படங்களில் மனிதன் ரப்பர் உடை மாட்டிக்கொண்டு அட்டைப் பெட்டி வீடுகளை மிதிப்பான். போனில் அதைப் போட்டுக் காட்டி, முதுகில் தையல் தெரிகிறது, வால் கயிற்றில் ஆடுகிறது, கண் சிமிட்டவே இல்லை என்று குறைகளை நீ அடுக்கினால், உனக்கு அது உயிர் என்று அர்த்தம். ஒரு தடவை மட்டும் சட்டத்தை மீறிவிட்டாய். "உள்ள ஒரு ஆளு வேர்த்து விறுவிறுத்து நிக்கிறான்ல? கம்ப்யூட்டர் பெருசுக்கு அது கெடையாதுடி" என்று சொல்லிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டாய். அபராதமாக அன்றைக்கு என் பால்பன்னையும் நீயே தின்றாய். அபராதம் யாருக்கு என்று இன்று வரை எனக்குப் புரியவில்லை.

மதுரைக்கு ஏன் ஒரு பெருசும் வருவதில்லை என்றும் பேசியிருக்கிறோம். கடல் இல்லை. வைகையில் தண்ணீர் இல்லை. எந்த வழியாக வரும்? "மாட்டுத்தாவணிக்கு பஸ்ஸுல வந்து எறங்கும். எறங்குனதும் ஆட்டோக்காரங்க சுத்திக்கிருவாங்க. அதுக்கே பயந்து திரும்பிப் போயிரும்" என்றாய். டீக்கடைக்காரர் வடை சுடுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

உன் சட்டம் விளையாட்டு மட்டும் இல்லை என்று நான் தெரிந்துகொண்டது டி. கல்லுப்பட்டி பஸ்ஸில். உன் தம்பி புது வீடு கட்டிப் பால் காய்ச்சினான், அதற்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். அதற்கு முந்தின வாரம் பார்த்த படத்தைப் பற்றி நீ ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்கக் கூடாதே. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே திடீரென்று ஆரம்பித்தாய்.

"அந்தப் படத்துல பெரிய கொறை என்ன தெரியுமா? அது தெருவுல எறங்குனா ஊரே ஒதுங்கி வழி விடுது. எங்கய்யா எங்க ஊர்த் தெருவுல எறங்குனா அவருதான் ஒதுங்குவாரு. வண்டி வந்தா ஒதுங்கணும். ஆளு வந்தா ஒதுங்கணும். மாடு வந்தாக்கூட மாட்டுக்காரன் யாருன்னு பாத்துட்டு ஒதுங்கணும். இது என்னடான்னா நடுத்தெருவுல நடக்குது. எனக்குப் பழக்கமில்லாத காட்சிடி. கண்ணுல ஒட்டவே இல்ல."

நான் ஒரு மண்டு. ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். திருமங்கலம் தாண்டிய பிறகுதான் உறைத்தது. பிடித்தவள்தான் குறை சொல்ல வேண்டும். நீ குறை என்று சொன்னது எதை? திரும்பி உன்னைப் பார்த்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டிருந்தாய், தூங்கவில்லை. உன் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அன்றைக்கு முதல் உன் குறைகளை நான் தலைகீழாகவே கேட்கப் பழகிவிட்டேன்.

அது படத்தோடு நிற்கவும் இல்லை. பெருநாளைக்கு நான் பிரியாணி கொண்டு வந்தால், "உப்புக் கூட, கறி வேகல, இனிமே இந்தக் கொடுமைய எனக்குச் செய்யாத" என்று சொல்லிக்கொண்டே டப்பாவை வழித்துத் தின்பாய். எனக்குப் புதுச் சுடிதார் நன்றாக இருந்தால், "ஜன்னல் திரை மாதிரி இருக்கு" என்பாய். எனக்குக் குளிர்ந்துபோகும். சென்டர் டாக்டர் நம் இரண்டு பேரையும் பார்த்துப் பார்த்து, என்ன நடக்கிறதென்றே விளங்காமல் போவார். நமக்கு விளங்கியது. விளங்கியது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தது அங்கே போகப் பிடிக்காமல்தான்.

நீ பத்து நிமிடம் தாமதமாக வந்தாய். நீ தாமதமாக வந்ததே இல்லை. முகமெல்லாம் வேர்த்திருந்தது. மதுரையில் வெயிலுக்கு வேர்க்காமல் எதற்கு வேர்க்கும் என்று நினைத்தேன். முதல் பாதியில் நீ ஒன்றும் பேசவில்லை. விளக்குப் போட்டதும், கண்ணாடியைக் கழற்றி, கண்ணை மூடிக்கொண்டு சொன்னாய்.

"சவுண்டு நெஞ்சுக்குள்ள போயி உக்காந்துக்கிருச்சுடி. தாடையெல்லாம் விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது. இந்தக் கண்ணாடியப் போட்டா கொமட்டுது. இம்புட்டு ஏசியிலயும் வேர்க்குது பாரு. எந்திரிச்சுப் போயிரலாமான்னு இருக்கு."

நான் கைதட்டினேன். அல்லா மேல் ஆணையாகச் சொல்கிறேன், கைதட்டினேன். "ஆத்தாடி! அம்புட்டுப் பிடிச்சிருச்சா? இம்புட்டுக் கொறை நீ எந்தப் படத்துக்கும் சொன்னதில்லையேடி!"

நீ கண்ணைத் திறந்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். அப்புறம் சிரித்தாய். "போடி கூறுகெட்டவளே" என்று சொல்லி, கண்ணாடியை என் மடியில் போட்டுவிட்டுச் சாய்ந்துகொண்டாய். விளக்கு அணைந்தது. நான் பாப்கார்னைப் பிரித்தேன்.

நெஞ்சு, தாடை, குமட்டல், வேர்வை. நான் யார்? நாள் முழுக்க ஈசிஜி எடுக்கிறவள். பொம்பளைகளுக்கு மாரடைப்பு எப்போதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிற மாதிரி வராது, தாடை வலிக்கும், குமட்டும், வேர்க்கும் என்று படித்துப் பரீட்சை எழுதியவள். வருகிறவர்களிடம் அதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டுச் சீட்டில் எழுதுகிறவள். நீ ஒன்றுவிடாமல் சொன்னாய், நான் கைதட்டினேன்.

இரண்டாம் பாதியில் கண்ணாடி இல்லாமல் திரையில் உனக்கு என்ன தெரிந்திருக்கும்? எல்லாம் இரண்டிரண்டாக, மங்கலாகத் தெரிந்திருக்கும். ஆனாலும் கடைசியில், விழுந்து கிடந்த அது எழுந்தபோது, என் கையைப் பிடித்து நெருக்கினாய். நகம் பதிந்தது. சந்தோஷத்தில் நெருக்கினாய் என்று நினைத்தேன். அது எழுந்ததற்காகவா, இல்லை வலியிலா? படம் விட்டதும் டீக்கடைக்கு வரவில்லை. "நாளைக்கு டூட்டியில மிச்சத்தச் சொல்றேன்டி, வீட்டுக்குப் போறேன்" என்று ஆட்டோ ஏறினாய். வில்லாபுரத்துக்கு.

மறுநாள் காலையில் உன் அறைக் கதவு பூட்டியே இருந்தது. மூன்று பேர் சீட்டை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். என்னடி லேட்டு என்று போன் போட எடுத்த நேரத்தில் உன் வீட்டுக்காரர் போன் வந்தது. டூட்டிக்குக் கிளம்பித் தலை வாரிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்துவிட்டாய் என்றார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டதாம்.

துக்க வீட்டில் உன் வீட்டுக்காரர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். டூவீலர் பட்டறை கிரீஸ் நகக்கண்ணில் அப்படியே இருந்தது. "தங்கச்சி, நேத்து ஒங்க கூடத்தான் இருந்தா. ஏதாச்சும் சொன்னாளா?" என்றார்.

"படம் நல்லா இருக்குன்னு சொன்னாங்கண்ணே," என்றேன்.

"சந்தோசமாத்தான் இருந்தாளா?"

"சந்தோசமாத்தான் இருந்தாங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து போனார். நான் சொன்னது பொய்யா? நம் சட்டப்படி பார்த்தால் நீ சொன்னது அதுதான். நேராகப் பார்த்தால் நீ சொன்னது என்னைக் கூட்டிக்கொண்டு போ என்பது. இரண்டு வருடமாக இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன். நீ என்னிடம் உதவி கேட்டாயா, நான் சிரித்துத் தள்ளிவிட்டேனா? இது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

இடைவேளையில் நாம் விமரிசனம் பேசியதே இல்லை, டீக்கடையில்தான் பேசுவோம், அப்படியென்றால் நீ நிஜமாகத்தான் சொல்லியிருக்கிறாய் என்று ஒரு நாள் தோன்றும். அழுவேன். அடுத்த நாள், இல்லையே, முன்னால் ஒரு தடவை இடைவேளையிலேயே குறை சொல்லியிருக்கிறாளே என்று நினைவு வரும். நிஜ வலி என்றால் நீ ஏன் சிரித்தாய்? உன் அறையில் எலும்பு முறிந்து வருகிறவர்கள் முனகினால், "வலிக்குதுன்னா வலிக்குதுன்னு சொல்லணும், மொனங்கக் கூடாது" என்று அதட்டுவாயே. நீ ஏன் இரண்டாம் தடவை சொல்லவில்லை? "அடியே, இது வெளையாட்டில்லடி" என்று மூன்று வார்த்தை சொல்வதற்கு என்ன? உன் மேல் கோபமாக வருகிறது. அப்புறம் செத்தவள் மேல் கோபப்படுகிறோமே என்று என் மேல் கோபம். தொழுதுவிட்டு துஆவுக்குக் கையேந்தினால்கூட எதைக் கேட்பது என்று தெரியாமல் கை அப்படியே நிற்கிறது.

கண்ணாடி கிடைத்த இரண்டாம் நாள், இந்தக் கடிதம் இந்த இடத்தில் நிற்கும்போதே, உன் வீட்டுக்காரர் சென்டருக்கு வந்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "மக வம்பு பண்ணி அனுப்பிச்சா தங்கச்சி. முழுச் செக்கப்பும் எடுத்தே ஆகணுமாம்" என்று சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்தார். நான் ஜெல்லியைத் தடவி, நெஞ்சில் குமிழ்களை ஒட்டினேன்.

"அந்தப் படத்தப் பாத்தேன் தங்கச்சி."

"பேசாதீங்கண்ணே, கோடு ஆடும்."

பேசாமல் கிடந்தார். தாள் வெளியே வந்தது. சுத்தமான கோடு. குமிழ்களை எடுத்ததும் எழுந்து உட்கார்ந்து மறுபடி ஆரம்பித்தார்.

"கடைசியா நீங்க ரெண்டு பேரும் போனீங்கள்ல, அந்தப் படம். மகதான் போன்ல போட்டுக் குடுத்தா. மூணு தடவை பாத்தேன். மொத ரெண்டு தடவை தூங்கிட்டேன். எனக்கு ஒண்ணும் வெளங்கல. வருது, ஒடைக்குது, போகுது. நல்லா இருக்குன்னு சொன்னான்னு சொன்னீங்கள்ல, எந்த எடத்தச் சொன்னா? அந்த எடத்த மட்டும் சொல்லுங்க. அத மட்டும் திரும்பத் திரும்பப் பாத்துக்கிறேன்."

என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். நம் சட்டத்தைச் சொன்னேன், இடைவேளையில் நீ சொன்னதை வார்த்தை மாறாமல் சொன்னேன், நான் கைதட்டியதையும் சொன்னேன். திட்டுவார், அடித்தால்கூடப் பரவாயில்லை என்றுதான் நின்றேன். அவர் கையிலிருந்த பஞ்சால் நெஞ்சில் இருந்த ஜெல்லியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்த இடத்தையே துடைத்தார்.

"சனிக்கெழமையே பல்லு வலின்னு சொன்னா தங்கச்சி," என்றார். "கெராம்ப நசுக்கி வச்சு விட்டேன். ஞாயித்துக்கெழமை காலையில, போக வேணாம், பேசாமப் படுன்னேன். பானு காத்துக்கிட்டிருப்பான்னு சொல்லிட்டு வந்தா. நானும் விட்டுட்டேன். இத ஒருத்தர்ட்டயும் சொல்லல, மகட்டகூட."

இரண்டு பேரும் ஆளுக்குப் பாதியை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் உட்கார்ந்திருக்கிறோம். சேர்த்து வைத்தால் முழுசாகத் தெரியும் என்றாவது நினைத்தேன். அதுவும் இல்லை. சனிக்கிழமையே வலித்ததென்றால் நீ நிஜமாகத்தான் சொல்லியிருக்கிறாய். ஆனால் வலியோடு என்னைப் பார்க்கக் கிளம்பி வந்தவள், நான் கைதட்டியதும் என் சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாம் என்று சிரித்தாயோ? அல்லது, பல்வலிதானே என்று நீயே நம்பி, அதையும் படத்தின் கணக்கில் ஒரு குறையாகச் சேர்த்துவிட்டாயோ? உனக்கே தெரியாமல் இருந்திருக்குமோ? முன்பு இரண்டு பதிலுக்கு நடுவில் முழித்தேன், இப்போது மூன்று.

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டார், "அந்த ரூலு எனக்கும் உண்டா தங்கச்சி?"

"என்னண்ணே?"

"எனக்குப் படம் பிடிக்கல. அப்ப நான் நல்லதத்தானே சொல்லணும்?"

"ஆமாண்ணே."

கடைசிப் பொத்தானைப் போட்டார். "கடைசியில அது சாகல. எல்லாரும் செத்துருச்சுன்னு அழுகுறாங்க. அது பாட்டுக்கு எந்திரிச்சுக் கடலுக்குள்ள போயிருது. அது ஒண்ணு நல்லா எடுத்திருக்கான்."

சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். ரிப்போர்ட்டைக்கூட வாங்கவில்லை.

அதற்கப்புறம் எனக்குள் தெளிந்தது என்று ஒன்றுமில்லை. ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, நீ போனதிலிருந்தே இருக்கிறது, நேற்றுத்தான் நானே கவனித்தேன். காய்கறி விற்கிற ஒரு அம்மா வந்தாள். கூடை தூக்கித் தூக்கிக் காய்ப்பேறிய தோள். "ஒண்ணுமில்ல தாயி, வாயு புடிச்சிருக்கு, மக சொன்னாளேன்னு வந்தேன்" என்று சிரித்துக்கொண்டே படுத்தாள். தாடை வலிக்குதாம்மா என்று கேட்டேன். இல்லை என்றாள். குமட்டுதாம்மா? இல்லை. நிஜமா இல்லையாம்மா? கோடு சுத்தமாகத்தான் வந்தது. ஒரு கோட்டை நம்பி நான் யாரையும் அனுப்புவதில்லை. பெஞ்சில் உட்கார வைத்தேன். டாக்டரைக் கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி படுக்க வைத்து எடுத்தேன். மறுபடியும் கேட்டேன்.

வாயுதான்.

அந்த அம்மா பிடித்துக்கொண்டாள். "அப்பவே வாயுன்னு சொன்னேன்ல? இம்புட்டு நேரம் போட்டுப் படுத்தி எடுத்துட்டியே! எம் பொழப்பு என்னாகுறது? இத்தன வருசமா இதே வேலை பாக்குறேங்குற, ஆளப் பாத்தாத் தெரியாதா ஒனக்கு?"

அவள் நெஞ்சில் ஒட்டியிருந்த ஜெல்லியைத் துடைத்துவிட்டேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சந்தோஷமா என்னவென்று தெரியவில்லை.

"ஆளப் பாத்தா எனக்குத் தெரியாதும்மா," என்றேன். "அதான் கேட்டுக்கிட்டே இருக்கேன்."